இளைத்தால் ஏன் பதறுகிறது வடசென்னை?

வடசென்னையில் நாலு கிலோ இளைத்துவிட்டு வெளியே வந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், விசாரிப்பார்கள். "இன்னாக்கா இப்டி எளச்சிட்ட? ஒடம்புக்கு இன்னா?" என்று தண்ணி லாரிக்கு நிற்கிற இடத்திலேயே கேள்வி வந்துவிடும். பதில் சரியில்லை என்றால் அடுத்தது, "சுகர் கிகர் பாத்தியா?" தலை ஆடிக்குத் தாய்வீடு வந்த பெண் கன்னம் ஒட்டிப்போய் நின்றால், அன்று ராத்திரி முழுக்க அந்த வீட்டில் ஒரே பேச்சுதான்: அங்கே சோறு போடுகிறார்களா இல்லையா? அதே பெண் கொஞ்சம் பூசினாற்போல வந்தால் அம்மாவுக்கு மூச்சு வரும். "நல்லா வெச்சிருக்காங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

எடையைப் பற்றி அறிவுரை சொல்ல வருகிறவர்கள் பலர் இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மக்கள் மெலிவைக் கண்டு பயந்ததற்குக் காரணம் இருந்தது, ஒன்றல்ல, பல. அந்தப் பயம் சரியானது. பயத்துக்குப் போட்ட பரிகாரம்தான், அதாவது தட்டு நிறையச் சோறுதான், இப்போது தப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "வாயைக் கட்டு, வெயிட்டைக் குறை" என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது.

முதல் காரணம் பசி. ஸ்டான்லி மருத்துவமனையை வயதானவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலியோடு நடந்த போரில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அழிந்து, பஞ்சத்தில் ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடிவந்தபோது, 1782இல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். வந்து விழுந்தவர்களுக்கு வைத்தியமும் தேவைப்பட்டது. அப்படி உண்டான ஏழைகள் ஆஸ்பத்திரிதான் வளர்ந்து வளர்ந்து 1930களில் ஸ்டான்லி என்ற பெயரை வாங்கியது. கஞ்சி முதலில் வந்தது, மருந்து அப்புறம் வந்தது. அந்த வரிசையை இந்தப் பகுதி ஜனங்கள் மறக்கவே இல்லை.

நூறு வருஷம் கழித்து தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், கூடவே ஓரணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் பஞ்ச நிலவரம் பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை விடாமல் எதிர்த்தார். நாளெல்லாம் மண் வெட்டுகிற உடம்புக்கு அது பற்றாது, பருப்பும் சேர்க்கவேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் அளவைக் கூட்டினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனவைதான். அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியது. அதே கால்வாயின் வடக்குப் பக்கம் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை வழியாக எண்ணூருக்குப் போகிறது. இன்று அதன் ஓரத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்கள் அதைச் சாக்கடையாகத்தான் பார்க்கிறார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமந்த கதை அதற்குள் இருக்கிறது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு, காமராஜர் காலத்தில் மாநிலம் முழுக்க மதிய உணவு, 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1982இல் சத்துணவு, 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி, 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம். தமிழ்நாட்டு அரசியல் பல தலைமுறையாக வயிற்றைத்தான் பேசியிருக்கிறது. ஓட்டு கேட்டு வந்தவர்கள் யாரும் கொழுப்பைக் குறைக்கிறேன் என்று சொன்னதில்லை.

இரண்டாவது காரணம் காசநோய். ஒரு அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீடுகள், காற்றோட்டமில்லாத சந்துகள், புகை. இருமலும் மெலிவும் சேர்ந்து வந்தால் அது என்ன என்று இங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் தெரியும். இதில் மதராஸுக்கு உலக மருத்துவத்திலேயே ஒரு இடம் உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, எடையும் நன்றாகக் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கு அரைகுறைச் சாப்பாடு. ஆனால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து ஒழுங்காகப் போனால் ஏழை வீட்டிலும் காசநோய் குணமாகும் என்று 1959இல் அந்த முடிவு வெளிவந்ததும் உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது.

அதை வைத்துக்கொண்டு, சாப்பாடு முக்கியமில்லை என்று நினைத்துவிடக்கூடாது. ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வந்தன. வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு நோய் தொற்றி வெளிப்படுவது கிட்டத்தட்ட 40 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாக நோய் கண்டவரிடம் முதலிலேயே பார்க்கிற சில விஷயங்களில் ஒன்று அவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்பது. மிகவும் மெலிந்தவர் என்றால் உடனே படுக்கையில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். தெருவில் நிற்கிற அக்கா கண்ணால் பார்த்துக் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டபின் மெலிவோடு இன்னொரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. தொண்ணூறுகளில் மெலிந்துபோன ஆம்பிளையைப் பற்றிக் காதோடு காதாகப் பேசிய பேச்சு எத்தனையோ குடும்பங்களை ஒடுக்கியது. மெலிவைக் கவனிக்கிற பழக்கத்தின் மோசமான பக்கம் அது.

மூன்றாவது காரணம் வேலை. பெரம்பூர் பி அண்ட் சி மில், துறைமுகம், மரக்கடை, கட்டுமரம் எல்லாமே உடம்பைக் கேட்ட இடங்கள். மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் வேண்டும். நோஞ்சான் என்றால் கூலி இல்லை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை போட்ட ஊர் இது. ஒல்லியாக இருந்தாலும் இறுகிய உடம்பு என்றால் மரியாதை உண்டு. மரியாதை எடைக்குக் கிடைக்கவில்லை, உழைக்கிற திராணிக்குக் கிடைத்தது. மில் 1996இல் மூடியது. துறைமுகத்தில் கன்டெய்னர் வந்தபின் மூட்டை தூக்குகிற கைகள் குறைந்தன. அந்த வீடுகளின் பிள்ளைகள் இன்று பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், ஏ.டி.எம். வாசலில் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டு அளவு மட்டும் மூட்டை தூக்கிய அப்பாவின் அளவு.

இனி சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஊரின் சந்தோஷம் அதில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டுக்குப் போனால் சங்கரா, வஞ்சிரம், வவ்வால், காரப்பொடி, கவளை என்று தரையெல்லாம் மீன். வியாசர்பாடிக்கு அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ இன்று பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலக் கடைகளில் கிடைக்கிறது: முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையால் பிசைந்த நூடுல்ஸ், கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் பீப் பிரியாணி அண்டா திறக்கிற நேரம் அந்தந்தத் தெருவுக்கே தெரியும். ஆடி வந்தால் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கக் கருவாட்டுக் குழம்பு.

இவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு. பால் சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, சூடு ஆறினதும் மேல்தோலைக் கையால் உரித்து, முள்ளை எடுத்து, சதையைத் தண்ணி இல்லாமல் பிழிந்து உதிர்க்கவேண்டும். வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, ஒரு கை நிறைய உரித்த பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, கொஞ்சம் மிளகு. உதிர்த்ததைப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறினால் பொலபொலவென்று வரும். ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு இது கட்டாயம், பால் ஊறும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை இருக்கட்டும். நூறு கிராம் மீனில் சுமார் இருபது கிராம் புரதம் உண்டு. ஏழை வீட்டில் ஒரு பெண்ணுக்கென்று தனியாக ஆக்கி, அவள் முன்னால் வைத்து, "நீ மொதல்ல துன்னு" என்று சொல்கிற நாட்கள் அவை.

அந்த நாட்கள் முடிந்ததும் என்ன ஆகிறது? நான் இந்தக் கட்டுரை எழுத வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். மீன் குழம்பு கொதித்ததும் நடுத்துண்டு வீட்டு ஆம்பிளைக்கு, அப்புறம் பையனுக்கு, வயசானவர்களுக்கு முள் குறைந்த துண்டு, படிக்கிற பெண்ணுக்கு ஒன்று. ஆக்கினவள் கடைசியில் உட்காரும்போது சட்டியில் குழம்பு இருக்கும், வாலோ தலையோ இருக்கும். சோறு மட்டும் தாராளமாக இருக்கும், ரேஷன் அரிசிதானே. அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவாள், ருசியாகவும் இருக்கும். உடனே ஒரு டீ, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. சாப்பாட்டோடு குடிக்கிற டீ இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கிறது.

காசிமேட்டு ஏலத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்துபோகிற மீன்காரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். விடியலுக்குள் ரெண்டு டீயும் ஒரு பன்னும். மதியம்வரை நடைபாதையில் உட்கார்ந்து வியாபாரம், நடுவில் இன்னும் ரெண்டு டீ. வீட்டுக்கு வந்து ஆக்கி, சாயங்காலம் மூணு நாலு மணிக்கு அன்றைய முதல் சோறு, பெரிய தட்டு, சாப்பிட்ட கையோடு படுக்கை. வஞ்சிரம் விற்கிறவள் அவள், சாப்பிடுவது மீந்துபோன கவளை, அதுவும் மீந்தால். தேகம் பருத்துக்கொண்டே போகிறது, கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது.

தமிழ்நாட்டுப் புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 விழுக்காடு பேருக்கு எடை கூடுதல். அதற்கு முந்தைய ஆய்வில் அது 31ஆக இருந்தது. அதே ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53 விழுக்காடு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருப்பது இங்கே சாதாரணம். அவளைப் பார்த்து "நல்லாத் தின்னுட்டு உடம்பை வளர்த்து வெச்சிருக்க" என்று ஒருவர் சொன்னால் அது கொடுமை. அவள் நல்லதைத் தின்னவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிகிறவர்களும் தப்பவில்லை. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேவின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையுமே போட்டு ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண், ஒரே அளவு, 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2. நம் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 25 என்றால் உடல் பருமன் என்று கணக்கு வைத்தார்கள். அதைவிடச் சுலபமான கணக்கு இடுப்புச் சுற்றளவு: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

யாஜ்னிக் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. குட்டியாகப் பிறந்தாலும் நம் குழந்தையிடம் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை, குறைந்ததெல்லாம் தசைதான். தாய் வயிற்றில் சத்துக் குறைவாக வளர்ந்த பிள்ளை, பின்னாளில் சோறும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைக்கும்போது சுலபமாக நீரிழிவுக்குப் போகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். இதைப் படித்தபோதுதான் எனக்கு இந்தப் பகுதியின் கதை ஒரு சங்கிலியாகத் தெரிந்தது. மெலிந்த தாயைப் பார்த்து ஆயா பதறியதில் நியாயம் இருந்தது, அந்த மெலிவு பேரப்பிள்ளை வரைக்கும் போகிறது. பதறிய ஆயாவுக்குக் கையில் கிடைத்தது அரிசி. அவர் அதைக் கொட்டினார். மெலிவுக்கு மருந்து மீனும் முட்டையும் பருப்பும் கீரையுமாக இருந்திருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவது தெரிந்தது, புரதம் 12தான். 2025இல் வந்த முடிவு இது. அரிசிக்குப் பதில் கோதுமைக்கு மாறுவதால் மட்டும் பெரிய பலன் இல்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். "சோத்த நிறுத்திட்டேன், நாலு சப்பாத்திதான்" என்று சொல்கிற அண்ணன்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

தெருவில் கேட்கிற "சுகர் பாத்தியா?" என்ற கேள்வியிலும் மருத்துவம் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் ஏறும்போது அது சிறுநீரில் வெளியே போய்விடுகிறது, உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் எரித்துப் பிழைக்கிறது, ஆள் மெலிகிறார். மாத்திரையோ இன்சுலினோ தொடங்கியதும் எடை திரும்புகிறது, "இப்பதான் தேறிட்ட" என்று பார்க்கிறவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். பிரச்சினை, அந்தச் சந்தோஷத்தில் யாரும் இடுப்பை அளப்பதில்லை.

இதற்கு நடுவில் இந்த வீடுகளின் பெண்பிள்ளைகள் வேறு ஒரு ஆசைக்கு இழுக்கப்படுகிறார்கள். செல்போனில் பார்க்கிற உடம்பு இடை சிறுத்த உடம்பு. காலேஜ் போகிற பெண் காலையில் இட்லியைத் தவிர்க்கிறாள், மதியம் டப்பாவில் பாதியைக் கொட்டுகிறாள், சாயங்காலம் பசி தாங்காமல் பானிபூரி. அம்மா திட்டுகிறாள்: "காத்தடிச்சா பறந்துடுவ, எவன் கட்டுவான்?" மகள் சொல்கிறாள், "உன்ன மாதிரி ஆவச் சொல்றியா?" அந்த வார்த்தை அம்மாவை எவ்வளவு காயப்படுத்தும் என்று அந்தப் பெண்ணுக்கு அப்போது தெரியாது. இரண்டு பேர் ரத்தத்திலும் இரும்பு குறைவு. இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக நல்ல துண்டை விட்டுக்கொடுத்தவர்கள். பையன்கள் பாடு பரவாயில்லை, ஜிம் பாடி வேண்டும் என்று முட்டையும் கோழியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், வீடும் கொடுக்கிறது.

நடக்கச் சொல்கிறார்கள். எங்கே நடப்பது? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, ராயபுரத்திலிருந்து வடக்கே கடற்கரை முழுக்கக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது, மணலி பக்கம் விடியலில் காற்றே சரியில்லை. 1949இல் திமுக தொடங்கப்பட்ட இடமான ராயபுரம் ராபின்சன் பூங்கா போல நடக்கத் தோதான இடங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அங்கேயும் காலை ஆறு மணிக்கு நடக்க வருகிறவர்களில் வீட்டு வேலை முடித்த பெண்கள் குறைவு. குழாயடிக்கும் அடுப்படிக்கும் நடுவில் அவர்களுக்கு அந்த நேரமே இல்லை.

ஆகவே அறிவுரை யாருக்குச் சொல்கிறோம் என்பதை மாற்றவேண்டும். எடைமெஷினில் ஏறி நிற்கிற பெண்ணிடம் "குறைச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால், அவள் வீட்டுக்குப் போய்த் தன் பங்கிலிருந்த அந்த ஒரே மீன் துண்டையும் பையனுக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி பட்டினி கிடப்பாள். மூணாம் நாள் மயக்கம், நாலாம் நாள் பழையபடி சட்டிச் சோறு. சாப்பாட்டில் இருக்கிற சந்தோஷத்தைப் பிடுங்கவேண்டிய அவசியம் இல்லை. குழம்பு அதே குழம்பு, காரம் அதே காரம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, மீனை எல்லாருக்கும் சமமாக வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே பாதிக் காரியம் ஆகும். கவளையும் மத்தியும் நெத்திலியும் வஞ்சிரத்தைவிட மலிவு, சத்தில் குறைவில்லை. ஆனால் துண்டைப் பிரித்து வைப்பது அவள் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை, அவள் புருஷனும் மாமியாரும் அந்தப் பேச்சைக் காதால் கேட்கவேண்டும்.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷரும் சுகரும் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அந்தத் தெரு பாஷை பேசுகிறவர்கள், அக்கா என்றும் ஆயா என்றும் கூப்பிட்டு உள்ளே வரக்கூடியவர்கள். அவர்கள் பையில் ரத்த அழுத்தக் கருவியோடு ஒரு தையல் டேப்பும் இருக்கட்டும். வீட்டில் இருக்கிற ஆம்பிளை பொம்பளை எல்லார் இடுப்பையும் அளக்கட்டும், ஒல்லியாக இருக்கிற மாமாவையும் சேர்த்து. அப்படியே அடுப்படி வாசலில் நின்று, நேற்றுக் குழம்பில் யாருக்கு எத்தனை துண்டு போனது என்று எல்லார் முன்னாலும் ஒரு தடவை கேட்கட்டும்.